ரெண்டு பிடி யூரியா

மார்ச் 3
இல்லை, வெட்டியாக இல்லை. பூச்சிகளைப் பட்டினி போடும் உத்தியோகம். லயத்து வீட்டு வரிசையில் செல்லம் அத்தை, வெட்டியாகவா இருக்கே என்று கேட்டபோது இதைச் சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தால் சாயங்காலத்துக்குள் எனக்குப் பேய் பிடித்துவிட்டதாக லயம் முழுக்கப் பேச்சாகியிருக்கும்.

எஸ்டேட்டின் பழைய ஸ்டோரில் டாக்டர் ரூபினி ஒரு டேங்க் வைத்திருக்கிறார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். டேங்குக்குள் பாக்டீரியா. சர்க்கரைத் தண்ணி தாராளம். உரச்சத்து மட்டும் கிடையாது. பெருக வழியில்லாமல், சர்க்கரையை உடம்புக்குள் பிளாஸ்டிக்காகச் சேர்த்து வைக்குமாம். மண்ணில் மக்கிப்போகிற பிளாஸ்டிக். நெருக்கினால் விளைச்சல் கூடும் என்கிறார்.

பாலிடெக்னிக்கில் என்னையும் நெருக்கினார்கள். நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

மார்ச் 12
அப்பா வந்து, ஏணியில் ஏறி டேங்குக்குள் பார்த்தார். உரம் போடுகிற கேங்குக்குக் கங்காணி.

"என்னடா, வெளிறிப் போய்க் கெடக்கு?"

"பட்டினிப்பா."

"பாவம் லா."

நான் படிப்பை விட்டு வந்த அன்று, கஷ்டப்பட்டால்தான் மனுஷன் என்றவர். பாவத்தையெல்லாம் டேங்குக்கென்று சேர்த்து வைத்திருந்தார் போல.

அடுத்த வெள்ளிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து பணம் போடுகிறவர்கள் வருகிறார்கள் என்றேன். பிளாஸ்டிக் காட்டாவிட்டால் ஸ்டோருக்குப் பூட்டு. எனக்கு அப்பா கேங்கில் உரமூட்டை.

மார்ச் 18
போச்சு. டேங்கு கஞ்சி மாதிரி கலங்கிக் கெடக்கு. தின்னு கொழுத்து, புள்ளகுட்டியோட குடும்பம் நடத்துதுங்க. பிளாஸ்டிக் பேருக்குக்கூட இல்ல. உரம் விழுந்திருக்குன்னு சொல்லிட்டு டாக்டர் என்னப் பாத்தாங்க. என் மூஞ்சியில அப்படியா எழுதியிருக்கு?

ஏணிக்கடியில யூரியா மணி சிந்தியிருந்தது.

வீட்டில் கேட்டேன். அப்பா ஒளிக்கவே இல்லை. "ரெண்டு புடிதான். ஆளுங்க வர்றப்ப நல்லாருந்தா ஒன் வேல நெலைக்கும்னு…"

கத்தலாம்னு வாயத் தொறந்தேன். எனக்காகவா?

மார்ச் 19
டாக்டரிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை, சிரித்தார். "டேங்குல ஆளு கூடிடுச்சுல்ல? யூரியா தீரட்டும். அப்புறம் சர்க்கரை மட்டும் ஊத்து." நாங்கள்தான் அவசரத்தில், பெருக விடாமலே பட்டினி போட்டோமாம். பணம் போடுகிறவர்களிடம் கெஞ்சி ஒரு வாரம் தவணை வாங்கினார்.

மார்ச் 28
இதற்கு முந்தின டேங்கில், வெறும் பட்டினியில், ஒரு ஸ்பூன் பிளாஸ்டிக்தான் கிடைத்தது. இந்தத் தடவை அப்பாவின் டீ மங்கு நிறைய, வெள்ளை வெளேரென்று. வந்தவர்கள் தலையாட்டினார்கள். பூட்டு தள்ளிப்போனது.

முதலில் வயிறாரப் போடணும், பிறகுதான் நெருக்கணும். பாலிடெக்னிக்குக்கு யாராவது சொன்னால் தேவலை.

ஏப்ரல் 2
புது டேங்க். அப்பா மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறார். பின்னால் யூரியாப் பை.

"எத்தன புடின்னு நீயே சொல்லுடா."

போகணும்.