அப்பா முழங்காலிட்ட ஞாயிறு

பிப்ரவரி 6, வெள்ளி

காலையிலிருந்து முதுகுவலிக்காரர்கள். நடுவில் தோள் தூக்க முடியாத ஒரு பள்ளி ஆசிரியை. கடைசியாக அப்பா. எங்கள் மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சைக்கு வேறு ஆட்களும் இருக்கிறார்கள், ஆனால் அவருக்கு என் கைதான் வேண்டும். வாழ்நாள் முழுக்கப் பேருந்து ஓட்டிய கால்கள், இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. "நடங்க, படி ஏறுங்க, முட்டி மட்டும் போடவே கூடாது. ஜெபத்துக்குக்கூட" என்று இன்றும் சொன்னேன்.

"உட்கார்ந்து கேட்டா கர்த்தர் தரமாட்டாரா என்ன" என்றார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து நாத்தனார் வீட்டில் சாப்பாடு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, சபைக்கே பெரிய டீச்சர். ஆலயத்தின் நூற்றைம்பதாம் ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுகிறார். "ஒவ்வொரு குடும்பமும் அவங்க முன்னோராவே நடிக்கணும். அதுதான் பாரம்பரியம்." இந்தக் குடும்பத்துக் கொள்ளுத்தாத்தா சபையின் முதல் மூப்பர். அந்த வேடம் என் கணவருக்கு.

பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க பக்கமும் ஒருத்தர் இருந்தாரே. கோயில் கூட்டினவர். அதை உங்கப்பா பண்ணட்டும்."

"வேஷம்கூட வேண்டாம், அப்படியே மேடை ஏறலாம்" என்றார் மாமியார். மேசை முழுக்கச் சிரிப்பு. என் கணவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்குக் கால் சரியில்லை என்றேன். பெரிய டீச்சர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "கடைசிப் பாட்டுல தனிக்குரல் இந்தத் தடவை உனக்குத்தான்னு நினைச்சிருக்கேன். நீ பேசினா அவர் மாட்டேன்னு சொல்லமாட்டார்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பாடகர் குழுவில் பின்வரிசை நான். தனிக்குரல் எப்போதும் டாக்டர் மனைவிக்கு.

பிப்ரவரி 9, திங்கள்

கேட்டுவிட்டேன்.

நாடகக் கதையைச் சொன்னேன்: அப்பாவின் தாத்தா தரை துடைத்துக்கொண்டிருப்பார், மூப்பர் வந்து கைகொடுத்து எழுப்பி, நீயும் என் சகோதரன் என்று தன் பக்கத்தில் உட்கார வைப்பார். அப்பா சிரித்தார். "அப்படியெல்லாம் நடக்கலையேம்மா. தாத்தா சாகுற வரைக்கும் வாசப்படிக்கு வெளியதான் நின்னாராம். எங்கப்பா சொல்வார்."

பிறகு கேட்டார்: "உனக்கு ஆகணுமா?"

"ஆமாப்பா."

"அப்ப சரி."

முட்டியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. நின்றுகொண்டே துடைக்கும்படி வைக்கப் பெரிய டீச்சரிடம் சொல்லிவிட்டால் போயிற்று.

பிப்ரவரி 21, சனி

ஒத்திகை. நான் சொல்லவே இல்லை. சொல்ல நேரமா இல்லை? இருந்தது.

அப்பா நின்றபடி துடைத்தார். "இது எடுபடாது. முட்டி போடுங்க" என்றார் பெரிய டீச்சர். அப்பா என்னைப் பார்த்தார். நான் பாட்டுத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முட்டி போட்டார். என் கணவர் இரண்டு கையாலும் தூக்கிவிட்டார். வீட்டுக்குப் போய் ஐஸ் வைத்துவிட்டேன். "விழாவன்னிக்கு இன்னும் ஒரு தடவைதானே" என்றார் அப்பா. எனக்கே ஆறுதல் சொல்கிறாராம்.

மார்ச் 1, ஞாயிறு

குரல் நன்றாக இருக்கிறது. மேலே போகும்போது நடுங்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி நினைத்துக்கொள்வேன்.

ஆலயம் நிறைந்து வெளியிலும் நாற்காலிகள். உறவுக்காரர், நண்பர், பழைய போதகர்கள், பேராயர். அப்பா வாளியோடு வந்தார். முழங்காலிட்டார். துடைத்தார். மூப்பர் அங்கியில் என் கணவர் வந்து கை நீட்டினார் – குனியவில்லை. கடன் வாங்கிய அங்கி, கசங்கிவிடுமாம். விரல் நுனி மட்டும். அப்பாவுக்கு எட்டவில்லை. ஒரு முறை எம்பினார். இன்னொரு முறை. முகம் எப்படி ஆனதென்று எனக்குத் தெரியும், அந்த வலியை நான் தினமும் பார்க்கிறேன்.

அதற்குள் இசை தொடங்கிவிட்டது. என் இடம் வந்தது. பாடினேன்.

நிறுத்தியிருக்கலாம்ல? நாலு எட்டு வச்சா மேடை. யாரு என்னைக் கட்டிப் போட்டாங்க? பாடினேன். முழுசா பாடினேன். நல்லா வேற பாடினேன்.

அப்பா வாளியைப் பிடித்து எழப் பார்த்தார். வாளி கவிழ்ந்தது. கால்சட்டை முன்பக்கம் முழுக்க ஈரம். முதலில் ஒரு பிள்ளை சிரித்தது, பிறகு எல்லோரும். பெரிய டீச்சர் ஒலிபெருக்கியில், "நம்ம சகோதரர் தரையை விட்டு வர மனசில்லாம இருக்கார்" என்றார். கைதட்டல்.

மேடைக்கு விளக்குப் போட வந்த எலக்ட்ரீஷியன்தான் ஓடிப்போய் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்.

பேராயர் என்னைத் தேடி வந்து, தேவன் தந்த குரல் என்றார். தலைகுனிந்து நன்றி சொன்னேன். வாசலுக்கு வந்தபோது அப்பா போய்விட்டிருந்தார்.

மார்ச் 9, திங்கள்

போனை எடுக்கவில்லை. நேரில் போனேன். கதவைத் திறந்தார். "நல்லா பாடினே" என்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

மார்ச் 11, புதன்

இரவு எங்கள் வீட்டில் குடும்பமெல்லாம் கூடி விழா வீடியோ பார்த்தார்கள். வாளி கவிழும் இடத்தைக் கணவரின் தம்பி திரும்பத் திரும்ப ஓட்டினார். மாமியாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நானும் சிரித்தேன்.

மார்ச் 27, வெள்ளி

மதியம். தோள் தூக்க முடியாத அந்தப் பள்ளி ஆசிரியைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் அடுத்த கட்டிலில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். போன வாரம் வேலைக்குச் சேர்ந்த பெண் பேசுவது கேட்டது. "இவ்வளவு வீங்கியிருக்கே. விழுந்தீங்களா சார்?"

"இல்லம்மா. கோயில்ல கொஞ்சம் முட்டி போட்டேன்."

அப்பா. நான் வழக்கமாகச் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து வந்திருக்கிறார்.

"இந்தக் காலோடவா? வீட்டுல யாரும் வேண்டாம்னு சொல்லலையா?"

"வீட்டுல யாரும்மா இருக்கா. ஒரு பொண்ணு இருந்தா. கட்டிக் கொடுத்தாச்சு."

"தூரத்துலயா?"

"ஆமாம்மா. ரொம்ப தூரம்."

ஆசிரியை என்னைப் பார்த்தார். "ஏன் நிறுத்திட்டீங்க? கையை இறக்கவா?"

"வேண்டாம், இன்னும் கொஞ்சம் தூக்குங்க" என்றேன். திரையைத் தாண்டிப் போகாதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.