இரண்டெழுத்துத் திருத்தம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலம்தானே? நேரில் கேட்க வழியில்லை. நான் நிதித் துணை அமைச்சரான நாளிலிருந்து என் போனை எடுக்கமாட்டேன், என் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று சட்டம் போட்டு உட்கார்ந்திருக்கிறாய். "சபையில பேசுறத எழுதுறவ அமைச்சர் வீட்ல காபி குடிச்சா, காபிக்குத் தகுந்த மாதிரி எழுதினான்னு சொல்லுவாங்க" என்று நீ சொன்னதை என் மனைவி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். கடிதத்துக்குத் தடையில்லை என்றாயே, அதனால் இது.

ஒரு சின்ன உதவி. நேற்றுப் பள்ளிக்கூடக் கூரை விவாதத்தில் நான் பேசியதை உங்கள் பிரிவு வழக்கம்போலத் திருத்தம் பார்க்க அனுப்பியது. நாக்குத் தவறியதை உறுப்பினர்கள் திருத்திக்கொள்ளலாம் என்பது விதி. நான் ஒரே ஓர் எழுத்தைத்தான் திருத்தினேன். "நாற்பத்திரண்டு பள்ளிகளுக்கும் கூரை போட்டு முடித்தோம்" என்று அடித்திருந்தார்கள். நான் சொன்னது "முடிப்போம்". இன்று காலை அந்தத் திருத்தம் ஏற்கப்படவில்லை என்று தாள் திரும்பி வந்திருக்கிறது. கீழே பார்த்தால், தலைமைப் பதிவாளர் என்று உன் கையெழுத்து!

வேலைப் பளுவில் பார்க்காமல் போட்டிருப்பாய். மறுபடி அனுப்பியிருக்கிறேன். நாளைக்குள் முடித்துக் கொடு.

அன்புத் தம்பி,
ஆச்சு


மார்ச் 5

அன்புள்ள ஆச்சுவுக்கு,

நாங்கள் நலம். அத்தானுக்கு முழங்கால் வலி மட்டும் இருக்கிறது. மருந்துக்கடை வைத்திருப்பவர் மாத்திரை சாப்பிடமாட்டேன் என்கிறார்.

பார்க்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்கு இல்லை. உன் இலாகாவில் இருக்கலாம். அப்புறம், ஒரே ஓர் எழுத்து என்கிறாய். "த்தோ"வை அடித்து "ப்போ" என்று எழுதியிருக்கிறாய். எண்ணிப் பார், இரண்டு எழுத்து. நிதித் துறைக்காரனே இரண்டை ஒன்று என்றால் நாடு உருப்பட்ட மாதிரிதான்.

முந்தாநாள் அந்தப் பத்து நிமிடமும் சபை நடுவில் பதிவாளர் மேசையில் இருந்தவள் நான். பத்து நிமிடத்துக்கு ஒருவராக மாறி மாறி எழுதுவோம். காய்ச்சல் என்று வராத ஒரு பெண்ணின் முறைக்கு நான் போய் உட்கார்ந்தேன். நர்ஸாக இருந்து உறுப்பினரானாரே, அந்த எதிர்க்கட்சி அம்மா கேட்டார்: "போன வருஷம் நாற்பத்திரண்டு பள்ளிக்குன்னு வாங்கின பணம் என்ன ஆச்சு? அதைச் சொல்லிட்டு அடுத்த அறுபது பள்ளிக்குக் கேளுங்க." நீ எழுந்து முடித்தோம் என்றாய். அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். முடிப்போம் என்றிருந்தால் அவர் உட்காருகிற ஆளா? அதன் பிறகுதான் வாக்கெடுப்பு நடந்தது, பதினோரு வாக்கு வித்தியாசத்தில் அறுபது பள்ளிகளுக்கான பணம் நிறைவேறியது. உன் ஒரு சொல்லை நம்பிச் சபை கை தூக்கியிருக்கிறது.

ஒலிப்பதிவைக் கேள் என்பாய். ஆறு தடவை கேட்டேன். "போட்டு முடி" வரைக்கும் தெளிவாக இருக்கிறது. அந்த இடத்தில் உன் பக்கத்து இருக்கைக்காரர் மைக்குக்குக் கீழேயே மேசையில் மத்தளம் வாசித்துவிட்டார். கடைசியில் ஒரு "ம்" மட்டும் கேட்கிறது. ஆக, மிச்சம் இருப்பது என் நோட்டுதான். சுருக்கெழுத்தில் "த" நிமிர்ந்து நிற்கும் கோடு, "ப" சாய்ந்த கோடு. என் நோட்டில் நிமிர்ந்து நிற்கிறது.

உனக்கு ஆச்சு என்று பெயர் வந்த கதை ஞாபகம் இருக்கிறதா? "குளிச்சாச்சாடா?" என்றால் "ஆச்சு" என்பாய், முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்காது. "வீட்டுப்பாடம்?" "ஆச்சு." அப்பா என்னைப் பார்ப்பார். நானும் "ஆச்சுப்பா" என்பேன். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! இப்போது கேட்பது அப்பா இல்லை, தம்பி. திருத்தம் செய்ய முடியாது.

அக்கா


மார்ச் 7

அக்காவுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

உனக்கு விளையாட்டாக இருக்கிறது. அந்த நர்ஸ் அம்மா பள்ளி பள்ளியாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். சபைக் குறிப்பில் "முடித்தோம்" என்று அச்சானால், சபைக்குப் பொய் சொன்னான் என்று உரிமை மீறல் தீர்மானம் வரும். பேப்பர்க்காரன் எழுதினதை மறுத்துவிடலாம், உன் குறிப்பை மறுக்க முடியாது. பதவி போகும். அடுத்த தேர்தலில் சீட்டும் கிடையாது. பதினெட்டு வருட உழைப்பு, அக்கா.

நான் ஒரு பைசா தொடவில்லை. அதிகாரிகள் என் கையில் கொடுத்த தாளில் "பணி நிறைவு" என்று இருந்தது. அதைப் பார்த்துச் சொன்னேன். மறுநாள்தான் தெரிந்தது, நிறைவு பெற்றது காண்ட்ராக்டருக்குப் பணம் கொடுக்கும் பணி. இப்போது அந்தக் கூரைகளைப் போடாமல் விடுவேனா? முடிப்போம் என்பதுதான் இனி உண்மை. உண்மையாகப் போகிறதை எழுதச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

நீ டைப் அடித்து என்னைக் காலேஜுக்கு அனுப்பினாய். மறக்கவில்லை. ஏற்றிவிட்ட கையாலேயே பிடித்துத் தள்ளுகிறாயே.

ஜூனில் நீ ஓய்வு பெறுகிறாய். அதுவரைக்கும் அந்த நாற்காலி உனக்குத்தான் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே.

தம்பி


மார்ச் 10

அன்புள்ள ஆச்சுவுக்கு,

மிரட்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. மிரட்டத் தெரிந்தவன் கடைசி வரியில் இது மிரட்டல் இல்லை என்று சொல்லமாட்டான்.

உன் கடிதம் வந்ததும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வயது ஐம்பத்தேழு, காது முன்போல் இல்லை. பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட்டு, யார் பேச்சு என்று சொல்லாமல் நோட்டை நீட்டினேன். "முடித்தோம்" என்று தயங்காமல் வாசித்துவிட்டாள். அந்தக் கோடு சாய்ந்திருக்கக் கூடாதா என்று நானும் ஒரு நிமிடம் ஏங்கினேன். அதையும் உன்னிடம் மறைக்கமாட்டேன்.

நேற்று லீவு போட்டுவிட்டு உன் பட்டியலில் மூன்றாவதாக இருக்கும் பள்ளிக்குப் போனேன். இரண்டு மணி நேரப் பஸ். தலைமை ஆசிரியை என்னை யாரென்று நினைத்தாரோ, "வாங்க, கூரைய எண்ண வந்தீங்களா?" என்றார். பாதிக் கட்டடத்துக்கு நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள். மீதிப் பாதியில் இரண்டு வகுப்பு, முதுகோடு முதுகு வைத்துக்கொண்டு. "ரெண்டு டீச்சரும் ஒரே நேரத்துல பேச முடியாதுங்க. நான் பேசினா அவங்க போர்டுல எழுதிப் போடுவாங்க. அவங்க பேசினா நான் எழுதிப் போடுவேன். புள்ளைங்க பாதி நேரம் எந்த டீச்சரக் கேக்குறதுன்னு முழிக்குதுங்க" என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "கூரை போட்டு முடிச்சாச்சுன்னு அமைச்சர் சொன்னதாப் பேப்பர்ல படிச்சோம். எங்க போட்டாருன்னு தேடிக்கிட்டிருக்கோம்" என்றார்.

நானும் சேர்ந்து சிரித்தேன். நான் அந்த அமைச்சருக்கு அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

உண்மையாகப் போகிறதை எழுதச் சொல்கிறாய். என் வேலை அது இல்லை. நடந்த பேச்சை எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதை மாற்ற வேண்டுமென்றால் அதற்கு இடம் என் அறை இல்லை, சபை. எழுந்து நில். நான் சொன்னது தவறு என்று சொல். விதியில் அதற்கு வழி இருக்கிறது, நீ சொல்வதை அதே எழுத்தில் நானே எழுதுகிறேன். முதலில் வாங்கிய பணத்துக்குப் பதில் சொல்லாமல் இரண்டாவது பணத்தைத் தொடாதே.

ஏற்றிவிட்ட கை என்றாய். நீ விழவேண்டும் என்று நான் நினைப்பேனா? கெஞ்சிக் கேட்கிறேன், நீயாக இறங்கி வா.

அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இனி நீ கஷ்டப்பட வேண்டாம். சபாநாயகர் அலுவலகம் என் மனுவை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒலிப்பதிவு தெளிவாக இல்லாததால் உறுப்பினர் சொல்வதையே எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு. எழுத்தை அவர்களே மாற்றுவார்கள். "சபையில் சொன்னது சொன்னபடி" என்று கடைசிப் பக்கத்தில் எப்போதும் போடுவாயே, அந்தக் கையெழுத்தை மட்டும் போட்டுவிடு. மேலிடத்து உத்தரவு, உன்மேல் ஒரு பழியும் வராது.

கோபத்தில் என்னென்னவோ எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே. உன் மருமகள் "அத்தைக்கு என்ன ஆச்சு, ஏன் வர்றதே இல்ல?" என்று தினமும் கேட்கிறாள். ஜூன் கழியட்டும், முதல் சாப்பாடு என் வீட்டில்தான்.

ஆச்சு


மார்ச் 13

ஆச்சுவுக்கு,

கையெழுத்துப் போடவில்லை. ஏன் போடவில்லை என்று ஒரு பக்கம் எழுதிச் சபாநாயகரிடம் நேரில் கொடுத்துவிட்டேன். அவர் வாசித்துவிட்டு, "உங்க தம்பிம்மா" என்றார். "ஆமாங்கய்யா, அதனாலதான் ரெண்டு தடவை யோசிச்சேன்" என்றேன்.

நர்ஸ் அம்மாவிடமோ பத்திரிகைக்காரர்களிடமோ நான் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசவும் மாட்டேன். ஆனால் என் கையெழுத்து இல்லாமல் அச்சகம் அந்தத் தாளை வாங்காது. என்னை மாற்றிவிட்டு வேறு ஆளைப் போட அவர்களுக்கு எப்படியும் பத்து நாள் ஆகும். மாற்றினால் மாற்றட்டும். நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டி, பக்கத்து மேசைப் பெண்ணின் சாட்சியோடு முத்திரை வைத்திருக்கிறேன்.

சொன்னது சொன்னபடி என்று இருபத்தெட்டு வருடமாக எழுதுகிறேன். ஒரு தடவை பொய்யாக எழுதினால் மிச்சம் அத்தனையும் சந்தேகம்தான். உனக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.

மருமகளிடம் அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்.

அக்கா


மார்ச் 19

அக்கா,

நீ எழுதிய கடிதங்களை எடுத்துக் கிழிக்கத்தான் உட்கார்ந்தேன். அந்த இரண்டு டீச்சர் சங்கதியில் கை நின்றுவிட்டது. மறுநாள் நாற்பத்திரண்டு கோப்பையும் வரச் சொன்னேன். நாலு நாள் காரில் சுற்றினேன். பதினோரு பள்ளியில் கூரை இருக்கிறது. முப்பத்தொன்றில் இல்லை. எல்லாக் கோப்பிலும் ஒரே முத்திரை, பணி நிறைவு. அந்த முத்திரை குத்திய ஆளைக் கூப்பிட்டுக் கேட்டால், "எப்பவும் இப்படித்தான் சார், பணம் போயிட்டா நிறைவுதான்" என்கிறான். நானும் எத்தனையோ தாளில் அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

மனுவைத் திரும்ப வாங்கிவிட்டேன். நாளை கேள்வி நேரம் முடிந்ததும் எழுந்து பேசப்போகிறேன். ராஜினாமாவை முதலில் கொடு, பிறகு வேண்டுமானால் பேசு என்று கட்சியில் சொல்லிவிட்டார்கள். கொடுத்தாயிற்று.

உனக்காகச் செய்கிறேன் என்று நினைக்காதே. உன்மேல் கோபம் அப்படியே இருக்கிறது. நீ சொன்னது சரி என்று தெரிந்தபிறகு அது கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நாளை அந்த மேசையில் நீ உட்காராதே, வேறு யாரையாவது போடு. நீ தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு வாய் வராது.

தம்பி


மார்ச் 21

என் அன்புத் தம்பிக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். உட்காராதே என்றாய், உட்கார்ந்தேன். திட்டிக்கொள். உன் பேச்சில் ஓர் எழுத்துகூட வேறு யார் காதிலும் பிசகிவிடக்கூடாது என்று இருந்தது எனக்கு. நீ என் பக்கம் திரும்பவே இல்லை, அதுவும் நல்லதுக்குத்தான்.

அத்தான் நேற்றுக் கடையை மூடிவிட்டு உன் வீட்டுக்கு வந்தாராம். நீ அவரோடு ஒரு மணி நேரம் முழங்கால் வலியைப் பற்றி மட்டும் பேசினாயாம். பேசு. எதைப் பற்றியாவது பேசிக்கொண்டிரு.

நீ உட்கார்ந்ததும் அந்த நர்ஸ் அம்மா எழுந்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்குப் பதறியது. "முப்பத்தொரு பள்ளியோட பேரையும் சபையில வாசிக்கணும், அதுக்கெல்லாம் கணக்கு வர்ற வரைக்கும் ரெண்டாவது பணத்த நிறுத்தி வைக்கணும்" என்று மட்டும் கேட்டார். சபாநாயகர் ஒத்துக்கொண்டார். முப்பத்தொரு பெயரையும் நான்தான் எழுதினேன். கணக்குக் குழு திங்கட்கிழமை முதல் ஒவ்வொரு கோப்பாகப் பிரிக்கிறது. குறிப்பில் மூன்றாம் தேதி "முடித்தோம்" அப்படியே இருக்கிறது. இருபதாம் தேதி உன் பேச்சு அதற்குப் பதிலாக இருக்கிறது. இரண்டின் கீழும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும். மாலையில் பக்கத்து மேசைப் பெண் என் நோட்டைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்தி, "அக்கா, இங்க ஒரு வரி காலியா இருக்கே. உங்களுக்கு இப்படி விட்டுப்போனதே இல்லையே" என்றாள். பார்த்தேன். "முப்பத்தொரு பள்ளிகளில் கூரை இல்லை" என்பதோடு என் கோடுகள் நின்றிருந்தன. அடுத்த வரியை அவள் ஒலிப்பதிவில் கேட்டு அடித்தாள். நீ பேசியபோது யாரும் எதையும் தட்டவில்லையாம், அத்தனை எழுத்தும் தெளிவாகக் கேட்டதாம். "இருக்கிறது என்று நான் இந்தச் சபைக்குச் சொன்னது தவறு, அதை நம்பி வாக்களித்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை, தம்பி. கேட்டுக்கொண்டிருந்தேன்.

உன் அக்கா