பதினோராவது கேள்வி

கினிகத்தேனை,
9-8-1963.

மருமகன் கணேசமூர்த்திக்கு மாமன் நல்லமுத்து எழுதுவது. வீட்டில் யாருக்கும் நோய்நொடி இல்லை. நீ கொழும்பு புறக்கோட்டையில் சுகமாக இருப்பதாக மகள் வடிவுக்கு வரும் கடிதங்களால் இங்கே எல்லாருக்கும் தெரிகிறது. எனக்கு நீ எழுதவில்லை. ஆகையால் எனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் வேறு எதையும் எழுத எனக்குக் கை வராது. மார்ச் மாதம் இருபதாம் தேதி, அரசாங்க மானியத்துக்கான விண்ணப்பத்தையும் மாதிரிப் படங்கையும் உன் கையில் கொடுத்தேன். இருபத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் நுவரெலியா அரசாங்கக் கச்சேரியில் நேரில் கொடுக்க வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். நீ அதை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாய். கொடுத்தாயா என்று இரண்டு தடவை கேட்டேன். பார்த்துக்கலாம் மாமா என்றாய். தவணை தப்பிய மறுநாள்தான் பெட்டியைத் திறந்தாய். இது தப்பு. இன்றைக்கும் தப்புதான். கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு மாமன் மனசு மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

நான் அந்த விண்ணப்பத்துக்காக எவ்வளவு பாடுபட்டேன் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போகாதவன் நான். தேயிலைப் பெட்டிகளில் குத்தியிருக்கும் எழுத்தைப் பார்த்து இங்கிலீஷ் படித்தவன். மழைக்கு இடுப்பில் கட்டும் வெளிநாட்டு ரப்பர் சீட்டு வருவதை அரசாங்கம் நிறுத்திய பிறகு, கொழுந்தெடுக்கும் பெண்கள் திரும்பவும் இடுப்பில் சாக்கைக் கட்டத் தொடங்கினார்கள். அது ஒன்பது மணிக்குள் ஊறிப்போய் ஆளையே கீழே இழுக்கும். அந்த நேரத்தில்தான் உள்ளூரில் பொருள் செய்கிறவர்களுக்கு மெஷின் விலையில் பாதியைத் திருப்பிக் கேட்காமல் கொடுக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்தேன். கன்வாஸில் எண்ணெயும் மெழுகும் பூசி நாம் செய்யும் படங்குக்காகவே அந்தச் சட்டம் போட்டதுபோல் இருந்தது. மடிப்பு விழும் இடத்தில் நம்முடைய பழைய மெஷின் ஊசியை ஒடித்துக்கொண்டே இருந்தது. கனத்த துணி தைக்கும் மெஷின் ஒன்று வந்தால் இந்தச் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் நாமே கொடுக்கலாம். வராவிட்டால் வருஷக் கடைசிக்குள் கடையைச் சாத்த வேண்டும். அப்படி இருந்தது நிலைமை. அதனால்தான் அன்றைக்கு அவ்வளவு பேசினேன். தங்கச்சி மகன் என்று பெண்ணைக் கொடுத்து, என் கடையையும் கொடுத்து, என் குழியையும் நானே வெட்டிக்கொண்டேன் என்றேன். இந்த வாசலை மிதிக்காதே என்றும் சொன்னேன். சொன்னதை இல்லை என்று சொல்லமாட்டேன்.

நீ அப்படியே இறங்கிப் போனாய். மூன்று ராத்திரி தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் படுத்திருந்துவிட்டு, நாலாம் நாள் கொழும்பு பஸ் ஏறினாய் என்று கேள்விப்பட்டேன். கோபித்துக்கொண்டு போகிறவன் உடனே போகவேண்டியதுதானே, கோயிலில் என்ன வேலை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. நான்தான் கோயில் பக்கம் போகாதவனாயிற்றே. கமிட்டிக்காரர்களோடு எனக்கு ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை.

நீ போன மறுநாள், ஏப்ரல் மூன்றாம் தேதி, நானே கச்சேரிக்குப் போனேன். கவரில் வைத்த விண்ணப்பம், மாதிரிப் படங்கு, பிரஜாவுரிமைப் பத்திரம் மூன்றையும் கொண்டுபோனேன். பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றினால் கிழியும் என்று உன் அத்தை சொன்னாள். ஆகையால் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்ததை அப்படியே சட்டத்தோடு துண்டில் சுற்றி எடுத்துப்போனேன். அட்டனில் பஸ் மாறும்போது ஒருத்தன், பெரியவரே கல்யாணத்துக்கு மாப்பிள்ளை படமா என்று கேட்டான். ஆமாம், மாப்பிள்ளை ஓடிப்போய்விட்டான், படத்தைத்தான் காட்டப்போகிறேன் என்றேன். அவன் தள்ளிப்போய் நின்றுகொண்டான்.

கைத்தொழில் பகுதிக்கு அதிகாரியான மாத்தையா, தவணை முடிந்துவிட்டது என்று சிங்களத்தில் சொன்னார். நான் நகரவில்லை. பியோன் வந்து எழுந்திருக்கச் சொன்னான். எட்டு வருஷம் அலைந்து வாங்கிய பத்திரம் இது, ஐந்து நாள் பிந்தியதற்காக எழுந்திருக்கமாட்டேன் என்றேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்வந்தும் நான் அங்கேயே இருப்பதைப் பார்த்து, மாத்தையா சிரித்துக்கொண்டே படங்கை வாங்கினார். தன் மடியில் விரித்து, கூஜாவில் இருந்த தண்ணீரை ஊற்றச் சொன்னார். பியோன் கூஜாவைச் சாய்க்காமல் மாத்தையாவின் கால்சட்டையைப் பார்த்தான். ஊற்றுடா, எனக்கு வீட்டில் வேறே கால்சட்டை இருக்கிறது என்றார். ஒரு சொட்டு இறங்கவில்லை. இடுப்பு மடிப்புத் தையலில் மட்டும் ஓரத்தில் கொஞ்சம் கசிந்தது. அதற்குத்தான் மெஷின் கேட்கிறேன் என்றேன்.

அப்புறம் அவர் விண்ணப்பத்தைப் புரட்டினார். பதினோராவது கேள்வியில் விரலை வைத்தார். பொருளைச் செய்யும் தொழிலாளியின் பெயர் என்ன என்பது கேள்வி. நல்லமுத்து என்று எழுதியிருந்தேன். எங்கே, இந்த மடிப்பை எப்படிப் போட்டீர்கள், காட்டுங்கள் என்று ஒரு துண்டுத் துணியை நீட்டினார். எனக்கு அந்த மடிப்பு வராது. உனக்குத் தெரியும். துணியைக் கையில் வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் திருப்பினேன். கடைசியில், இது என் மருமகன் கண்டுபிடித்த மடிப்பு என்றேன். அவர் பெயர் ஏன் இதில் ஒரு இடத்திலும் இல்லை என்று கேட்டார். கடை என்னுடையது என்றேன். கடையைக் கேட்கவில்லை, கையைக் கேட்கிறேன் என்றார்.

மாத்தையா சொன்னதை உன்னிடம் மறைக்கமாட்டேன். இந்த விண்ணப்பம் தவணைக்குள் வந்திருந்தால், பொய்த் தகவல் என்று அன்றைக்கே தள்ளியிருப்பார்களாம். தள்ளப்பட்டவர்கள் மூன்று வருஷத்துக்குத் திரும்பக் கேட்க முடியாதாம். வந்து சேராத விண்ணப்பத்துக்கு அந்தச் சட்டம் இல்லை, ஜூன் மாதம் புதிதாக எடுப்போம், அப்போது சரியாக எழுதிக் கொண்டுவாருங்கள் என்றார். நான் வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ பெட்டியில் பூட்டி வைத்திருக்காவிட்டால் மூன்று வருஷம் போயிருக்கும். அதற்காக நீ பூட்டியது சரி என்று ஆகிவிடாது. அந்தப் பதினோராவது கேள்வி உனக்குத் தெரியாதல்லவா? அல்லது தெரியுமா? கையில் வாங்கியபோது நீ பிரித்துப் படித்திருப்பாய் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. உன் பெயர் இல்லாததைப் பார்த்தும் மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு வளைய வந்திருக்கிறாய்.

ஆடி மாதம் வடிவுக்கு வளையல் போட்டோம். ஏழு மாதம் முடிந்துவிட்டது. முன்னே உண்டான இரண்டும் மூன்றாம் மாதத்திலேயே போனதால் இந்தத் தடவை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு சொல்லாமல் இருந்தீர்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வளையல் போட வந்த கூட்டத்தில் சோலைமலைக் கங்காணி இருந்தார். கோயில் தலைவர் என்பதால் நான் முகம் கொடுக்கவில்லை. அவராக வந்து, உன் மருமகன் கட்டின காப்பு பலித்துவிட்டது என்றார். எந்தக் காப்பு என்று கேட்டேன். வடிவு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

பிள்ளை தங்கவேண்டும் என்று பங்குனித் திருவிழாவுக்கு நீ காப்புக் கட்டியிருக்கிறாய். கம்பளிச் சட்டைக் கைக்குள் மஞ்சள் கயிற்றை மறைத்துக்கொண்டு என்னோடு உட்கார்ந்து கன்வாஸ் வெட்டியிருக்கிறாய். காப்புக் கட்டியவன் அதை அறுக்கும்வரை ஆற்றுப் பாலத்தைத் தாண்டக் கூடாது. வியாழக்கிழமை அறுத்துவிட்டு வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் நுவரெலியாவுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டாயாம். புதன்கிழமை மேல் லயத்து வீடொன்றில் சாவு விழுந்து தீட்டாகிவிட்டது. திருவிழா திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. காப்பு ஏன் கட்டினாய் என்று நான் கேட்பேன், கேட்டால் வடிவு உண்டாகியிருப்பதைச் சொல்லவேண்டிவரும், சொன்னால் இதுவும் போய்விடுமோ என்று பயந்திருக்கிறாய். காய்ச்சல் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நானே பஸ் ஏறியிருப்பேன். உனக்குப் பொய் சொல்லவும் வரவில்லை. நான் வாசலை மிதிக்காதே என்றபோதும் பாலத்தைத் தாண்ட முடியாமல்தான் மண்டபத்தில் கிடந்தாய் என்பதை நினைத்தால், அதை மேலே எழுத எனக்கு விருப்பமில்லை.

ஜூன் மாதம் புது விண்ணப்பம் எழுதினேன். பதினோராவது கேள்விக்கு ம. கணேசமூர்த்தி என்று முழுப் பெயராக எழுதினேன். பன்னிரண்டாவது கேள்வி, இவருக்குத் தொழிலில் பங்கு உண்டா என்பது. சரிபாதி என்று எழுதினேன். உன் அத்தை படிக்கச் சொல்லிக் கேட்டாள். படித்துக் காட்டியபிறகு அன்றைக்கு ரசத்தில் உப்பு சரியாக இருந்தது. நீ போனதிலிருந்து அது சரியாக இருந்ததில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை கச்சேரியிலிருந்து கடிதம் வந்தது. மானியம் கொடுத்துவிட்டார்கள். ஒன்றுக்கு மூன்று தடவை படித்து, தபால்காரனையும் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். அவன், மாமா இதில் மெஷின் வருவதாகத்தான் இருக்கிறது, மந்திரி வருவதாக இல்லை, கொஞ்சம் மூச்சு விடுங்கள் என்றான். அன்றிலிருந்து நான் நன்றாகத் தூங்குகிறேன். கதவைத் தாழ் போட்டோமா என்று எழுந்து பார்க்கும் பழக்கம்கூட நின்றுவிட்டது.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. இருபத்தாறாம் தேதி திங்கட்கிழமை மெஷின் லொறியில் வரும். மாத்தையாவும் கூட வருவார். பதினோராவது கேள்வியில் பெயர் உள்ளவர் அவர் முன்னால் உட்கார்ந்து இரண்டு படங்கு தைத்துக் காட்டிக் கையெழுத்துப் போடவேண்டும். ஆள் இல்லையென்றால் மெஷின் அதே லொறியில் வலப்பனையில் உள்ள ஒரு செருப்புக் கடைக்குப் போய்விடும். நான் தைக்க முடியாது. இதை எழுத எனக்குச் சுலபமாக இல்லை.

ஆகையால் செய்ய வேண்டியது இது.

சோலைமலைக் கங்காணி செய்ய வேண்டியது: திங்கட்கிழமை காலை லொறியிலிருந்து மெஷினை இறக்க நாலு ஆள் அனுப்புவது. நானே போய்க் கேட்டேன். சரி என்றார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவர் வீட்டில் தேத்தண்ணீர் குடித்தேன். சீனி அதிகம்.

உன் அத்தை செய்ய வேண்டியது: முன்னறையைக் காலி செய்து, உங்கள் இருவருக்கும் கொடுத்திருந்த பின்னறையைத் திறந்து கழுவிவிடுவது. நேற்றே செய்துவிட்டாள்.

வடிவு செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. குனியாமல் இருந்தால் போதும்.

நீ செய்ய வேண்டியது: முதலாளியிடம் முறையாகச் சொல்லிவிட்டு, இருபத்துநாலாம் தேதி சனிக்கிழமை அட்டன் பஸ்ஸில் ஏறுவது. உன் பழைய கத்தரிக்கோலைக் கொண்டுவா. இங்கே இருப்பது எதுவும் உன் கைக்குச் சரிவராது. வந்து வாசலைப் பார்த்து நிற்காதே. மிதித்து உள்ளே போ. பிள்ளை பிறக்கும்போது தகப்பன் வீட்டில் இருக்கவேண்டும்.

நான் செய்ய வேண்டியது: சனிக்கிழமை நாலு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு பஸ் நிற்கும் இடத்துக்கு வருவது. அந்த பஸ்ஸில் நீ இல்லையென்றால் அடுத்ததற்கும் நிற்பேன். மழை பெய்தாலும் நிற்பேன். உன் படங்கு என்னிடம் இருக்கிறது, நனையமாட்டேன்.

மாரியம்மன் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் தாய்மாமன்
நல்லமுத்து