பின் அறை, எல்லாரும் நலம்

என் அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நான் இருக்கிறேன். அப்பாவைப் பற்றியும் அப்படியே எழுதிவிட எனக்குத் துணிச்சல் வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதமே, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனைத் தட்டினால் போய்ச் சேருகிற செய்திக்கு யாராவது காகிதம் வாங்கி எழுதுவார்களா என்று நீ சிரிப்பாய். போனைத் தட்டினால் பதில் உன் மனைவியிடமிருந்துதான் வருகிறது, அதனால்தான் உன் பெயர் போட்டு உன் ஆபீஸ் விலாசத்துக்கே அனுப்புகிறேன். மற்றதைப் பொறுமையாகப் படி, இதை மட்டும் இப்போதே மனதில் வாங்கிக்கொள். அப்பாவின் நீர்மூழ்கிக் கப்பல்காரர்களுக்கு நீ கட்டிக் கொடுத்த அந்த இணையப் பக்கத்தை மொத்தமாக அழித்துவிடச் சொல்லி அப்பா உனக்குச் செய்தி அனுப்பினார் அல்லவா, அதைச் செய்யாதே. இன்னும் செய்திருக்க மாட்டாய் என்று நம்பித்தான் மேலே எழுதுகிறேன்.

அப்பாவோடு கப்பலில் இருந்த மடந்தை மாமா இறந்துபோனது உனக்குத் தெரியும், எப்படி என்று தெரியாது. மாரடைப்பு என்று மட்டும் உன் மனைவியிடம் சொன்னேன், போனில் அதற்குமேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் தன் வீட்டுச் சமையலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பு உடைந்து எழுந்திருக்க முடியவில்லை. போன் முன்னறையில் இருந்திருக்கிறது. கீழ் வீட்டுக்காரர் நாற்றம் தாங்காமல் போலீஸைக் கூப்பிட்டு, பூட்டை உடைத்துத்தான் பார்த்தார்கள். முகத்தை எங்களுக்குக் காட்டவே இல்லை, மூடியே வைத்திருந்தார்கள். விழுந்த பிறகு ஒன்றிரண்டு நாளாவது உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அந்த நாட்களுக்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அந்த ஞாயிறு காலையில் அப்பா வழக்கம்போல டீயும் கையுமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து “பின் அறை, எல்லாரும் நலம்” என்று தட்டிவிட்டு, சர்க்கரை போதவில்லை என்று என்னிடம் சண்டை பிடித்தார். அதன் கீழே வரிசையாக எல்லாரும் கட்டைவிரல் போட்டிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறும் அதே வரி, அதே கட்டைவிரல்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, நீயே அதற்கென்று தனி இடம் போட்டுக் கொடுத்தாய். கப்பல் தண்ணீருக்குள் போனதும் நடு அறையிலிருந்து ஒவ்வோர் அறையாகக் கூப்பிடுவார்கள், அந்த அறையில் ஒருவர் எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்வார். ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருக்க அங்கே நேரம் ஏது. ஆனால் பதில் சொல்கிறவர் முதலில் ஒவ்வொரு முகத்தையும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கவேண்டும், அதுதான் சட்டம். இந்தக் கிழவர்கள் அதை இணையப் பக்கத்துக்குக் கொண்டுவந்தபோது பதிலை மட்டும் கொண்டுவந்தார்கள், பார்ப்பதைக் கப்பலிலேயே விட்டுவிட்டார்கள். ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு யார் முகத்தை யார் பார்ப்பது. பின் அறை ஆட்களில் மிச்சம் அப்பாவும் மடந்தை மாமாவும்தான். மாமா எப்போதுமே பேசாமடந்தை, அதனால்தானே அந்தப் பெயர். அவர் ஒன்றும் எழுதாததை யாரும் கவனிக்கவே இல்லை. பேசினால்தான் என்ன ஆயிற்றோ என்று பதறியிருப்பார்கள்.

டாக்டர் சொன்ன நாளையும் ஞாயிறையும் அப்பா முடிச்சுப் போட்டுப் பார்த்த அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. இந்த வீட்டில் உள்கதவு எதையும் அவர் சாத்த விட்டதில்லை, நீ குளிக்கும்போதுகூடத் தாழ்ப்பாள் போட்டால் வெளியே நின்று தட்டுவார். இப்போது அறைக்குள் போய்ச் சாத்திக்கொள்கிறார். இரண்டு வாய் சாப்பிடுகிறார், மூன்றாவது வாய்க்குத் தட்டை நகர்த்திவிடுகிறார். இரத்த அழுத்த மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை நின்று, வாயைத் திறந்து காட்டச் சொல்கிறேன். மருந்துக் கடையில் அத்தனை வருஷம் நின்றவளை அவர் ஏமாற்ற முடியுமா. கம்ப்யூட்டர்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார். அப்போதுதான் உனக்கு அந்தச் செய்தியை அனுப்பினார், படம், பதிவு, பெயர் ஒன்றும் மிச்சம் வைக்காதே, எல்லாவற்றையும் அழி என்று. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த இரும்புக் குழாய்மேல் எனக்கு என்ன ஆசை. நீ பிறந்தபோதும் அதற்குள்தான் இருந்தார், உனக்கு அம்மை போட்டபோதும் அதற்குள்தான் இருந்தார். கரைக்கு வந்த பிறகும் ஸ்கேனரும் பழைய படமும் என்று பாதி நாள் அதற்குள்ளேயே குடித்தனம். ஒழிந்தது சனியன் என்று நினைத்துக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை மாமாவின் மகள் வந்தாள், பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாளே, அவள்தான். வேலையிலிருந்து நேரே, அந்தப் பச்சைச் சட்டையோடே வந்து நின்றாள். தண்ணீர்கூட வேண்டாம் என்றாள். அப்பாவை வெளியே கூப்பிட நான் பயந்தேன். ஆனால் அவளே போய்க் கதவைத் தட்டி, “மாமா, நீங்க வெளிய வர்ற வரைக்கும் நான் போகமாட்டேன்” என்றாள். இவர் வந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டு, திட்டு வாங்கத் தயாராகிவிட்ட பிள்ளை மாதிரி அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். எல்லாவற்றையும் அழித்துவிடச் சொல்லிவிட்டேன் அம்மா, உன் அப்பா பெயர்மேல் நான் எழுதிய பொய் இனி எங்கேயும் இருக்காது என்றார். அவள் அப்படி ஒரு சத்தம் போட்டாள், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு அழுதுகொண்டே சொன்னாள், தன் அப்பாவோடு ஒரு சின்ன மனஸ்தாபத்தில் அவள் பேச்சை நிறுத்தியிருந்தாளாம், ஆனால் ஞாயிறு தவறாமல் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பாளாம். “பின் அறை நலம்னு பாப்பேன். அப்பா நல்லாத்தான் இருக்கார், நம்ம ஏன் முதல்ல இறங்கிப் போகணும்னு போனை வெச்சிடுவேன். அந்த வரியை அழிச்சுட்டீங்கன்னா நான் ஏன் போன் பண்ணலைன்னு கேக்கறவங்களுக்கு என்னத்தைக் காட்டுவேன்? பழி மொத்தமும் என் தலையிலதான் விழும். அது அங்கயே இருக்கட்டும் மாமா, ரெண்டு பேரும் சேந்து சுமப்போம்” என்றாள்.

கிளம்பும்போது, தன் அப்பா குரல் எங்காவது இருக்கிறதா என்று கேட்டாள். நீ கடைசியாக வந்திருந்தபோது மாமாவை நம் முன்னறையில் உட்காரவைத்துப் பதிவு செய்து பக்கத்தில் போட்டாயே, அது நினைவு வந்து நான்தான் துண்டை எடுத்துவிட்டு அதைத் தேடிப் போட்டேன். நானும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறேன். ஒரு தடவை ஆழத்தில் பின் அறையில் குழாய் வெடித்துவிட்டதாம். சட்டப்படி வெளியிலிருந்து கதவைச் சாத்திவிட்டார்களாம். குழாய்த் துண்டு அப்பா நெஞ்சில் அடித்து மூச்சு வாங்க முடியாமல் கிடந்தாராம். நடு அறையிலிருந்து கூப்பிட்டபோது, சொல்லாதே, சொன்னால் என்னைக் கரைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அப்பா சைகை காட்டினாராம். மாமா அவர் முகத்தைப் பார்த்தாராம், பார்த்துவிட்டு, “பின் அறை, ஒருத்தருக்கு நலமில்லை” என்று சொன்னாராம். அதனால்தான் கேப்டன் கப்பலை மேலே கொண்டுவந்தாராம், அதனால்தான் இந்த மனிதர் பிழைத்தாராம். அதற்குப் பரிசாக அப்பா மாதக்கணக்கில் அவரோடு பேசவில்லையாம். “நான் வாயைத் தொறந்ததே அந்த ஒரு தடவைதான், அதுக்கும் கோவிச்சுக்கிட்டான்” என்று மாமா சிரிக்கிறார். அவருக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்று மகளுக்கே தெரியாதாம். இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அப்பா என்னிடம் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. அப்பா மேஜைமேல் தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்தப் பெண் எழுந்து போய் அவர் முதுகில் கை வைத்தாள், அதைப் பார்த்து நானும் அழுதேன்.

அப்பா தேறிவிட்டார் என்று எழுத ஆசைதான், பாதிதான் தேறியிருக்கிறார். மறுநாள் அந்த ஞாயிற்றுக்கிழமை வரிக்குக் கீழேயே, “இதை நான் அவர் முகத்தைப் பார்க்காமல் எழுதினேன், அவர் அன்று நலமாக இல்லை” என்று தன் பெயரோடு எழுதினார். இனிமேல் அறைக்கு ஒரு குரல் கிடையாது, ஆளுக்கு ஒரு குரல் என்று எல்லாருக்கும் போன் போட்டார். முன் அறைக்கு எப்போதும் கப்பல் சமையல்காரர்தான் பதில் போடுவார். அவர் பெயர் பெயராகத் தேடிப் போனதில் அவர் அறை ஆள் ஒருவர் போன வருஷமே இறந்துபோயிருக்கிறார். வீட்டார் நம்பரை மாற்றிவிட்டார்கள், யாருக்கும் சொல்லவில்லை. ஒரு வருஷமாக அந்த மனிதருக்கும் சேர்த்து நலம் போட்டுக்கொண்டிருந்தாராம். எப்போதும் கேலியும் கிண்டலுமாகப் பேசுகிற ஆள், போனிலேயே உடைந்துவிட்டார். இதெல்லாம் எங்கே போய் நிற்கும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் பக்கம் இருந்ததால்தானே இதுவாவது தெரிந்தது, அந்தச் சிரிப்பாவது ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது.

அழிக்காதே என்று அப்பா உடனே உனக்கு மறுபடி எழுதினார். முதல் செய்திக்கு உன் மனைவி, “அவர் இந்த வாரம் பார்த்துச் செய்துவிடுவார் மாமா, இங்கே நாங்கள் எல்லாரும் நலம்” என்று போட்டிருந்தாள். இரண்டாவதற்கு வெறும் கட்டைவிரல் வந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு போனை என் பக்கம் நீட்டி, “இது யாரோட கட்டைவிரல்?” என்று கேட்டார். கண்ணா, நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தோம். உன் குரலைக் கேட்டு எவ்வளவு நாள் ஆயிற்று என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வீடியோவில் பேசும்போது குழந்தை தெரிகிறான், சுவர் தெரிகிறது, நீ தெரிவதில்லை. குளிக்கிறாய், தூங்குகிறாய், மீட்டிங்கில் இருக்கிறாய். முன்பெல்லாம் அப்பா ஒரு படம் ஏற்றினால் உடனே எழுத்துப்பிழையைத் திருத்தி, அதற்கொரு நக்கலும் அடிப்பாய். இப்போது பிழையெல்லாம் அப்படியப்படியே கிடக்கிறது. மருமகளைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே, மாமியார் புத்தி என்றால் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். அவளாவது பதில் போடுகிறாளே. எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான், அவள் உன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாளா, இல்லை, நீ சொல்லச் சொன்னதைச் சொல்கிறாளா.

ஆகவே பக்கத்தை அழிக்காதே. குழந்தையை வெயிலில் கொஞ்சம் விளையாட விடு, வெளுத்துப்போய்த் தெரிகிறான். மருமகளை நான் கேட்டதாகச் சொல், அவளும் தனியாக எனக்கு ஒரு வரி எழுதட்டும். இந்தக் கடிதம் ஆபீஸில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தால் அதையும் பதிலாக எடுத்துக்கொண்டு நாங்கள் கிளம்பி வந்துவிடுவோம். அப்பா பெட்டியை மேலேயிருந்து இறக்கி வைத்துவிட்டார். பதிலை உன் கையால் எழுது. நலமில்லை என்றால் நலமில்லை என்று எழுது, ஏன் என்று நாங்கள் கேட்கமாட்டோம், யார்மேலும் பழி போடமாட்டோம். எல்லாத் தாய்மாரும் பிள்ளையை நலமாக இரு என்றுதான் வாழ்த்துவார்கள், நானும் இத்தனை வருஷம் அப்படித்தான் வாழ்த்திக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை அவ்வளவு பெரிதாக எதுவும் கேட்கவில்லை. நலமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீ இரு, ராஜா.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா