தேரை நடுங்க வைத்தவன் நான்

தில்லையில் தூக்கிய திருவடியே, மறைத்துப் பழகிய இந்நாவை மெய்யின் பக்கம் திருப்பியருள்க.

என் தங்கை மங்கையின் கைப்பிடித்த அன்பு மச்சானுக்கு,

நீ மறைந்து ஓராண்டு நிறைகிறது. மறைவில் செய்த பிழையை ஊரறியச் சொல்லவே இக்கடிதம்.

ஆழிப்பேரலைக்கு அடுத்த ஆண்டு ஆனித் தேர் நினைவிருக்கிறதா? கடலூரில் கல்யாண வீடியோ எடுத்துவந்த நீ, இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த மங்கைக்குத் தேரைக் காட்ட விரும்பினாய். தேருக்கு முன் செல்லும் வேனின் கூரையில் கேமராவைப் பொருத்தினாய். பலகைக்கு அடியில் பாதிக் காற்றடைத்த இரண்டு சைக்கிள் டியூப்கள். "வண்டி குலுங்குனா டியூபு வாங்கிக்கும் மச்சான், கேமராவுக்கு ஏறாது" என்றாய்.

நானோ, பஞ்சர் கடைக்காரர் வால்வில் எச்சில் தொட்டுக் காற்றுக் கசிவு பார்த்ததைக் கண்டிருந்தேன். எச்சில் பட்ட ரப்பர் இறைவன் திருமுன் செல்வதா? நீ டீ குடிக்கப் போன நேரத்தில் அவற்றை உருவிவிட்டுப் பலகையைக் கூரைக் கம்பியோடு இறுகக் கட்டிப் பட்டுத்துணியால் மூடினேன். இறுகக் கட்டியது அசையாது என்பதே என் அறிவு. வண்டியின் நடுக்கமெல்லாம் நேரே கேமராவில் ஏறும் என்பதை அறியேன். தேர் நிலைக்கு வந்ததும், நீ இறங்கிப் பார்க்குமுன் கயிற்றை அவிழ்த்து டியூப்களைப் பழையபடி செருகினேன். முன்னது அறியாமை; பின்னதை என்னவென்பேன்?

டிவியில் தேர் இரண்டிரண்டாகத் தெரிந்தது. "ஏங்க, ஆனி வெயில்ல சாமிக்குக் குளிர் ஜொரமா?" என்றாள் மங்கை. பார்க்க வந்திருந்த தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ மட்டும் டியூப்பை அமுக்கி அமுக்கிப் பார்த்தாய். "நம்ம யோசனைதான் தப்பு மச்சான்" என்றாய். பிறகு எந்த வண்டியிலும் கேமரா ஏற்றவேயில்லை. அப்போதாவது நான் வாய் திறந்திருக்கக் கூடாதா?

இன்று காலை மங்கையிடம் சொன்னேன். "அவுரு சாவுற வரைக்கும் அதச் சொல்லிக் கிண்டல் பண்ணனேண்ணே. நீ பக்கத்துலதான ஒக்காந்திருந்த?" என்றாள். நாள்தோறும் திருமுறை ஓதும் வாயால் "ஆமாம்மா" என்றேன்.

கடைசியில் அவளே தீர்ப்பும் சொன்னாள்: "எங்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? வூடு வூடா போயி சொல்லு. எதுத்த வூட்லேர்ந்து ஆரம்பி. அவுங்கதான் ஜாஸ்தி சிரிச்சாங்க."

மாலைச் சந்தி வழிபாடு முடித்ததும் புறப்படுகிறேன், மச்சான். ஒரு வாசலையும் விடமாட்டேன்.

இதைப் படிப்போர் இல்லங்களில், சொல்லவேண்டிய சொல் கேட்க வேண்டியவர் இருக்கும்போதே சொல்லப்படுக; மனையும் மக்களும் இறையருளால் தழைக்க.

உனக்குப் பிழை செய்த மச்சான்,
மங்கையின் அண்ணன்