பச்சைக் கோப்பைகள்

செவ்வாய்

காலையிலேயே வெக்கை. யோகட் கோப்பைகளுக்கு நிறத்தாள் ஒட்டி முடித்தாயிற்று, விரலெல்லாம் பசை. தரம் 7, ஆளுக்கு இரண்டு. மேசையில் பச்சை மேலே என்றால் விளங்கியது. சிவப்பு மேலே என்றால் மிஸ் வரவேண்டும். கை தூக்க வெட்கப்படுகிற பிள்ளைகளுக்காக.

பின்னம் கூட்டல். பாதி வகுப்பு சிவப்பு. தெஹிவளையிலிருந்து வரும் ரிஸ்னா, வருஷம் முழுக்க வாய் திறக்காதவள், அவளும் சிவப்பு. போய்ச் சொல்லிக் கொடுத்தேன். சந்தோஷம் தாங்காமல் வகுப்பைப் போட்டோ எடுத்து, பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

வாங்க: பாண், பருப்பு, மார்க்கர்.

புதன்

பெற்றோர் போட்டோவைப் பெரிதாக்கி, யார் பிள்ளைக்கு எந்த நிறம் என்று பார்த்திருக்கிறார்கள். பஸ்ஸில் தொங்கியபடி வரும்போது ரிஸ்னாவின் தாயின் அழைப்பு.

"மிஸ், பக்கத்துப் பிள்ளைட பச்சையா ஈக்கிது. எங்கட மகள்ட ஏன் சிவப்பு? மண்டையில ஒண்டும் ஏறல்லயா?"

சிவப்பு குற்றமில்லை, அது கேள்வி என்றேன். வீதி ஹோர்ன் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. போட்டோவை அழித்தேன். பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் பார்த்து முடித்த பிறகு.

வகுப்பில் எல்லாம் பச்சை. ஒரு சிவப்புக்கூட இல்லை.

வியாழன்

இன்றும் பச்சை. பகுதித் தலைவர் எட்டிப் பார்த்து, வடிவாகப் படிப்பித்திருக்கிறீர்கள் என்றார்.

மணியடிக்க முன் துண்டுத்தாளில் ஒரு கணக்கு: அரையும் மூன்றிலொன்றும். அநேகமான விடை ஐந்தில் இரண்டு. அரையோடு ஏதோ சேர்த்தும் அரையை விடக் குறைந்துவிட்டதாம். ரிஸ்னாவின் தாள் வெறுமை. மேசையில் பச்சை.

தவணைப் பரீட்சை அடுத்த கிழமை. பிள்ளைகள் மேல் கோபமில்லை. அந்தப் போட்டோ மேல்தான்.

வெள்ளி

இடைவேளையில் ரிஸ்னாவைத் தனியே கேட்டேன், பின்னம் விளங்கிற்றா என்று. ஓம் மிஸ் என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

தலையிடி. பனடோல் முடிந்துவிட்டது.

சனி

கொட்டாஞ்சேனையில் எனக்குச் சிங்கள வகுப்பு. அரச ஊழியருக்கான சிங்களப் பரீட்சை, பாஸ் பண்ணாமல் விடமாட்டார்கள். சேர் கடிதம் எழுதும் முறையை மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, "தேருணாத?" என்றார். விளங்கியதா என்று கேட்கிறார். எல்லோரும் "தேருணா சர்." நானும். எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

பக்கத்திலிருந்த, தபால் கந்தோரில் வேலை செய்யும் அண்ணர் குனிந்து, "தங்கச்சி, உங்களுக்கு விளங்கினதே?"

"இல்லை அண்ணா."

"எனக்கும் இல்லை."

பிறகு இருவரும் கரும்பலகையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தோம்.

ஞாயிறு

மழை. தோய்த்த உடுப்பெல்லாம் வீட்டுக்குள் கொடியில். திருத்த எடுத்த கொப்பிகளைத் திறந்து திறந்து மூடினேன். ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

திங்கள்

சனிக்கிழமைக் கதையை வகுப்பில் சொன்னேன், தலையாட்டியது வரை. நன்றாகச் சிரித்தார்கள். என் மேசையில் எனக்கும் ஒரு சிவப்புக் கோப்பை வைத்தேன். பின்னத்தைத் திரும்பச் சொல்லிவிட்டு நிமிர்ந்தால், பச்சை, பச்சை, பச்சை.

சரிவராது என்று நினைத்தேன். அப்போது ரிஸ்னா, என் மேசையில் கிடந்த போனைக் காட்டி, மெல்ல:

"மிஸ், அது?"

போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். திறப்பை அவள் கையில் கொடுத்தேன்.

பிறகு அவள் பையைத் திறந்து, அடியில் நசுங்கிக் கிடந்த சிவப்பை எடுத்து, நிமிர்த்தி, பச்சைக்கு மேல் வைத்தாள். அடுத்து வைத்தது, வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளை. அதற்குப் பிறகு எல்லாப் பக்கமும் பை திறக்கிற சத்தம். அழுகை வந்தது, மறைத்துக்கொண்டேன். அரையிலிருந்து தொடங்கினோம். மணியடித்தும் ஒருவரும் எழும்பவில்லை.

வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கிய பிறகுதான் ஞாபகம். போன் அலுமாரிக்குள். திறப்பு ரிஸ்னாவோடு தெஹிவளையில். இன்றிரவு எந்தத் தாயும் என்னைக் கூப்பிட முடியாது.