பனையடியின் பதினோராம் இலக்கம்

1997 ஜூலை 20, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். மழை வரும் என்று வானொலியில் சொன்னார்கள். ஒரு துளி இல்லை. இவர்கள் சொல்வதை நான் என்றைக்கு நம்பினேன்.

பழைய மாணவர் சங்கங்களின் கோடைச் சுற்றுப்போட்டி, ஸ்காபரோப் பூங்கா மைதானத்தில். நாங்கள் நாவற்கேணிக் கல்லூரி. எதிரில் பனையடிக் கல்லூரி. ஊரில் இருந்த பகை எங்களுக்கு முந்தியே இங்கே வந்து சேர்ந்துவிட்டது. 1–3. தோல்வி. முதற்சுற்று என்றபடியால் போட்டியில் இன்னும் இருக்கிறோம்.

இடைவேளையில் றெஃபரி பனையடிக்காரரின் கூலரிலிருந்து சோடா எடுத்துக் குடித்தார். கண்ணால் கண்டது.

ஆனாலும் தோற்றது அதனால் இல்லை. என் டயறியில் பொய் எழுதி என்ன பயன். பனையடிக்கு ஒரு புதுப் பெடியன். இலக்கம் 11, இடது விங். மெலிந்த உடம்பு, வயது இருபத்திரண்டு இருக்கும். மூன்று கோலும் அவன்தான். இரண்டாவதை என்னவென்று சொல்ல! கோட்டோரம் பந்தை எடுத்து, எங்கள் பாக் ஆட்டக்காரர் இரண்டு பேரையும் வெட்டி உள்ளே வந்தான். வலது காலுக்கு மாற்றுவான் என்று கோலி சரிந்தார். அவன் இடது காலாலேயே மெல்லத் தட்டிவிட்டான். நான் கை தட்டிவிட்டேன். பக்கத்தில் நின்ற நேசன் அண்ணை, எங்கள் சங்கச் செயலாளர், திரும்பி முறைத்தார். நுளம்பு கடித்தது, அடித்தேன் என்று சொன்னேன்.

ஆட்டக்காரர் லிஸ்ரில் பெயர் ரவீந்திரன். இப்படி ஒரு விண்ணன் இவ்வளவு நாளும் எங்கே ஒளித்திருந்தான்?

ஜூலை 22, செவ்வாய்

வேலை. பெட்டி ஒட்டும் மெஷின் இரண்டு தரம் நின்றது. நின்ற நேரம் யோசித்தவை:

– கல்லூரிக் கீதத்தின்போது 11இன் வாய் அசையவே இல்லை.
– கப்டன் "ரவி, ரவி" என்று கத்த, மூன்றாம் தரம்தான் திரும்பினான். செவிடும் இல்லை. விசில் கேட்டதும் நிற்கிறானே.
– குழுப் படம் எடுத்தபோது அடுத்தவனின் தோளுக்குப் பின்னால் பாதி முகம்.

முடிவு: பனையடியில் படித்தவனே இல்லை. வெளியாள். எங்கேயோ பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

நேசன் அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன்.

"ஆதாரம் இருந்தா எழுதித் தாரும். வாயாலை சொன்னா அவங்கள் எங்களை நக்கலடிப்பாங்கள்."

விதி தெளிவானது. பள்ளிக்கூட இடாப்பில் பதிந்த பெயரில்தான் விளையாடலாம். பத்திரம் இல்லாதவர்களுக்குப் படிப்பித்த ஆசிரியர் சாட்சி. ஆசிரியரைத் தேடவேண்டும்.

பால் வாங்க மறந்தேன்.

ஜூலை 26, சனி

பிறம்ரனுக்குப் போனேன். பஸ் மாறி மாறி அரை நாள் போயிற்று. கனகு மாஸ்டர் பனையடியில் கணக்குப் படிப்பித்தவர், இப்போது மகளோடு இருக்கிறார். கோப்பியில் சீனி கூட. கடைகளில் சும்மா கிடக்கும் தமிழ்ப் பத்திரிகையில் வந்த குழுப் படத்தை நீட்டினேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தார்.

"உவன் எங்கட பெடியன்தான். சின்னனிலையே பெரிய பெடியளோடை பந்தடிச்சவன்."

எனக்கு முகம் தொங்கிப் போயிற்று. அப்படியென்றால் ஏன் கீதம் பாடவில்லை என்று கேட்டேன்.

"உவன் ஊரிலையும் பாடமாட்டான். ஆனா உவன்ர பேர் ரவீந்திரன் இல்லை, குகன். ரவீந்திரன் எண்டது தமையன். செல் குண்டு விழுந்து செத்துப்போனான். தமையன்ர பத்திரங்களிலைதான் உவனை இஞ்சை அனுப்பினவை. அகதிக் கேஸும் அந்தப் பேரிலைதான் குடுத்திருக்கிறான். அடுத்த மாசம் பதினாலு ஹியரிங். உமக்கெண்டபடியாச் சொல்லுறன், வெளியிலை விடாதேயும்."

"நான் ஆருக்கு மாஸ்டர் சொல்லப்போறன்."

திரும்பும் பஸ்ஸில் ஒரே சந்தோஷம். இடாப்பில் குகன், மைதானத்தில் ரவீந்திரன். விதிப்படி பிழை. பிழை பிழைதான்.

ஜூலை 28, திங்கள்

கடிதம் முடிந்தது. ஒன்றரைப் பக்கம். இரண்டு பெயர்களும், மாஸ்டர் சொன்னதும், கீழே என் கையெழுத்தும். சாந்தி சோற்றுக் கரண்டியோடு வந்து பின்னால் நின்று வாசித்தாள். கலியாணமாகிப் பதினான்கு வருடம், இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

"இது ஆருக்கு?"

"சுற்றுப்போட்டிக் குழுவுக்கு."

"உது இமிக்கிறேஷன்காரற்றை கையிலை போனா அந்தப் பெடியனைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். விளங்குதோ உங்களுக்கு?"

"இது பந்தடி அலுவல். அங்கை ஏன் போகப்போகுது?"

"எங்கட சனத்திலை ஒரு பேப்பர் ஒரு கையோடை நிண்டதோ?"

இவளுடைய தம்பி பனையடியில் படித்தவன். அதையும் மனதில் வைத்திருக்கவேண்டும்.

ஜூலை 31, வியாழன்

நேசன் அண்ணையிடம் கடிதம் கொடுத்தாயிற்று. பிளாசா மீன்கடை வாசலில். வாசித்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"வடிவா யோசிச்சனீரோ?"

"ஓம், யோசிச்சுத்தான்."

"அப்ப குடுக்கிறன்."

அந்தப் பார்வை பொறாமை என்று நினைக்கிறேன். தான் கண்டுபிடிக்கவில்லையே என்று. மீன் வாங்கினேன். இன்றைக்கு வந்தது என்று கடைக்காரர் சொன்னார். மீனின் கண் வெளுத்திருந்தது.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

இறுதி ஆட்டம், மறுபடியும் பனையடியோடு. நல்ல வெயில், கொஞ்சம் காற்று. நீண்ட வார இறுதி என்றபடியால் சனம் அள்ளு கொள்ளை.

தொடங்க முன்னம் சுற்றுப்போட்டிக் குழுவினர் பனையடிக் கப்டனைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டினார்கள். அவன் போய்ப் பதினொன்றின் காதில் ஏதோ சொன்னான். சண்டை பிடிப்பான், கத்துவான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் இல்லை. ஜேர்சியைக் கழற்றினான். மடித்து வாங்குப் பலகையில் வைத்தான். பஸ் தரிப்பை நோக்கி நடந்தான். என்னைக் கடந்துதான் போனான். நான் யார் என்று அவனுக்குத் தெரியாது.

பிறகு ஒலிபெருக்கி. வேறு பெயரில் விளையாடியதால் இலக்கம் 11 நீக்கம். இரண்டு பெயர்களையும் சொன்னார்கள். அத்தனை சனத்துக்கும் கேட்க. அதைச் சொல்வார்கள் என்று நான் நினைக்கவில்லை.

1–0. கப் எங்களுக்கு. கண்டுபிடித்தவன் என்று என்னைத் தோளில் தூக்கினார்கள்.

ஆட்டம் படுமோசம். ஒரு நல்ல ஓட்டம் இல்லை, ஒரு நல்ல அடி இல்லை. இந்தக் கிழமை முழுக்க நான் பார்க்கக் காத்திருந்தது அவனுடைய விளையாட்டைத்தான் என்பது பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

வேலையில் பனையடிக்காரர் ஒருவரும் முகம் பார்க்கவில்லை. சாப்பாட்டு மேசையில், எனக்குக் கேட்கவேண்டும் என்றே:

"எழுதினவன் இமிக்கிறேஷனுக்கும் கடிதத்திலை ஒரு கொப்பி எடுத்துப் போட்டவனாம்."

நான் போடவில்லை. அப்படியென்றால் போட்டது யார்? நேசன் அண்ணையா? குழுவில் ஒருவனா? மாலை நேரே அண்ணை வீட்டுக்கு.

"கொப்பி ஒருத்தரும் எடுக்கேல்லை. குழுவிட்டையிருந்து அண்டைக்கே திருப்பி வாங்கிப்போட்டன். இந்தாரும்." என் கண்முன்னாலேயே நாலாகக் கிழித்துக் குசினிக் குப்பைக்குள் போட்டார். "ஹியரிங்கிலை எந்தப் பேரைச் சொல்லுறதெண்டு அவன் தன்ர லோயரோடை கதைச்சுக்கொள்ளட்டும். ஆனா பெடியன் பயந்து வேலைக்கும் போறேல்லையாம். பிடிச்சுப்போடுவாங்கள் எண்டு ஹியரிங்குக்கும் போகமாட்டானாம்."

ஹியரிங்குக்குப் போகாவிட்டால் கேஸ் அத்தோடு சரி. எனக்கே தெரியும். என் அக்காவின் புருஷனுக்கு நடந்தது.

அண்ணை உள்ளே போன நேரம் குனிந்து குப்பைக்குள் பார்த்தேன். என் எழுத்துத்தான்.

ஓகஸ்ட் 7, வியாழன்

சாந்தி தன் தம்பியிடம் குகனின் விலாசம் வாங்கி வைத்திருக்கிறாள். நான் கேட்கவே இல்லை.

"நீங்கள்தான் போகோணும். கடிதம் எழுதின ஆள் தன்ர வாயாலை, கிழிச்சாச்சு எண்டு சொன்னாத்தான் அவன் நம்புவான். வேறை ஆர் சொன்னாலும் தன்னைப் பிடிக்கச் செய்யிற சுத்துமாத்தெண்டுதான் நினைப்பான்."

"அடிப்பாங்களோ?"

"அடிச்சா வாங்குங்கோ."

ஓகஸ்ட் 9, சனி

தூறல். பஸ்ஸில் வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். எழுதினது நான்தான் தம்பி. எழுதினது நான்தான் தம்பி.

பேஸ்மென்ற் வீடு, பக்கக் கதவு. அறைக்கூட்டாளிப் பெடியன் ஒருவன் சங்கிலியைக் கழற்றாமல் கதவைக் கொஞ்சம் திறந்தான்.

"குகன் நிக்கிறாரோ?"

"அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை."

"ரவீந்திரன்?"

"அப்பிடியும் இல்லை."

உள்ளே ரீவிச் சத்தம் குறைந்தது. நான் கொஞ்சம் உரத்துச் சொன்னேன். கடிதம் கிழிச்சாச்சு, இமிக்கிறேஷனுக்கு ஒண்டும் போகேல்லை, பயப்பிடாமல் ஹியரிங்குக்குப் போகச் சொல்லுங்கோ.

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் ஆர்?"

அவனுக்கு நல்ல தோள். பின்னால் இன்னும் யாரோ நிற்கிற மாதிரி.

"சிவா" என்றேன். எனக்கு அப்படி ஒரு பெயர் இல்லை.

"எந்தச் சிவா?"

"பனையடி."

நாவற்கேணிக்காரன் எனக்கு அதைச் சொல்லவும் வாய் வந்தது. அந்தப் பெடியன் தலையைத் திருப்பி உள்ளே பார்த்தான். கீழிருந்து ஒரு குரல், மெதுவாக:

"பனையடியிலை அப்பிடி ஒரு சிவா இல்லை. கதவைச் சாத்தடா."

குகனாகத்தான் இருக்கவேண்டும். அவனுடைய குரலை இன்றைக்குத்தான் கேட்டேன். பெடியன் கதவைச் சாத்தினான்.